குச்சியிலிருந்து கன்று: மல்லிகையும் மூலிகையும் நாமே பெருக்கலாம்

படப்பை, மணிமங்கலம், ஒரகடம் சுற்று வட்டாரத்தில் சிறு விவசாயிகளிடம் இருப்பது பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலமே. அதிலும் ஒரு பகுதி குத்தகை நிலம். சாலையோர நிலங்கள் தொழிற்சாலைகளாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்ட நிலையில், மீதமுள்ள நிலத்தில் குறைந்த நீரில் தினமும் கையில் காசு தரக்கூடிய பயிர்களையே விவசாயிகள் நாடுகின்றனர். தாம்பரமும் கோயம்பேடு பூ அங்காடியும் எட்டும் தூரத்தில் இருப்பதால் குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி ஆகியவை இதற்கு ஏற்றவை. வீட்டுத் தோட்டத்துக்கு ஆடாதோடை, கற்பூரவல்லி, நொச்சி போன்ற மூலிகைக் கன்றுகளை விரும்பிக் கேட்போரும் உள்ளனர்.

இப்பயிர்களில் முதல் செலவு கன்றுக்கே. குண்டுமல்லியை 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,560 கன்றுகள் தேவை. 20 சென்டுக்கு மட்டும் நடுவதானாலும் 500 கன்றுகளுக்கு மேல் வேண்டும். வெளியூரிலிருந்து வரும் கன்றுகளில் ஒரு பங்கு வழியிலேயே வாடிவிடும். இன்னொரு பங்கு நட்ட பின் காய்ந்துவிடும். பிழைத்தவையும் எந்தத் தாய்ச் செடியிலிருந்து வந்தவை என்பது நமக்குத் தெரியாது. மல்லிகை ஒரு முறை நட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் நிலத்தில் நிற்கும் பயிர். தரமற்ற கன்றை நட்டால் அந்த நட்டம் ஒரு பருவத்தோடு முடிவதில்லை; அத்தனை ஆண்டுகளுக்கும் தொடரும். எனவே கன்றை நாமே உண்டாக்கிக்கொள்ளும் முறையை ஒவ்வொரு விவசாயியும் அறிந்திருத்தல் அவசியம். இதற்கு வேண்டிய இடம் ஒரு கட்டில் போடும் அளவே.

தங்கச்சிமடம் காட்டும் பாடம்

மதுரை மல்லி 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் மதுரைப் பகுதி வயல்களுக்கு நடவுக்குச் செல்லும் கன்றுகளில் பெரும்பகுதி மதுரையில் உண்டாவதில்லை. பாம்பன் தீவில் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடம் பகுதியில் உண்டாகின்றன. அங்கிருந்து தமிழகத்தின் பிற மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் கன்றுகள் செல்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குப் பரிந்துரைக்கும் இரகத்தின் பெயரே 'இராமநாதபுரம் குண்டுமல்லி' என்பதாகும்.

அங்கு நாற்றங்கால் தொழில் செழிக்க முக்கியக் காரணம் மணற்பாங்கான நிலம். மணலில் ஊற்றும் நீர் தேங்குவதில்லை. மணல் துகள்களுக்கு இடையே காற்று புகுந்துகொண்டே இருக்கும். வேர் இல்லாத குச்சிக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் வேர் பிறக்கும். நம் ஊரில் நிலம் வேறாக இருக்கலாம். ஆனால் நான்கு சதுர மீட்டர் பாத்தியில் அதே நிலையை நாம் உண்டாக்கிவிட முடியும்.

வேர் எவ்வாறு பிறக்கிறது?

குச்சியின் பட்டைக்கும் உள்கட்டைக்கும் இடையே மெல்லிய பச்சை வளையம் ஒன்று உண்டு. செடி பருப்பதற்குக் காரணமான திசு இதுவே. குச்சியை வெட்டியதும் வெட்டு வாயில் வெண்மையான ஆறுதல் திசு தோன்றும். பின்னர் அந்தப் பச்சை வளையத்தை ஒட்டிய பகுதியிலிருந்து வேர் முனைகள் கிளம்பும். இதற்குத் தூண்டுகோலாக இருப்பது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி. 1928இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வெண்ட் ஓட்ஸ் முளைகளைக் கொண்டு இதைப் பிரித்துக் காட்டினார். 1935இல் இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்னும் ஊக்கி குச்சிகளில் வேரைத் தூண்டுவதை அமெரிக்காவில் சிம்மர்மன், வில்காக்சன் ஆகியோர் கண்டறிந்தனர். இன்றும் உலகெங்கும் நாற்றங்கால்களில் பயன்படுவது இதுவே.

இந்த ஊக்கி குச்சியின் மேற்பகுதியில் உள்ள மொட்டுகளிலும் இளம் இலைகளிலும் உண்டாகிக் கீழ் நோக்கி இறங்குகிறது. இதை நினைவில் வைத்தால் நாற்றங்கால் விதிகளின் காரணம் தானே விளங்கும். எல்லா இலைகளையும் பறித்துவிடக் கூடாது. பறித்தால் ஊக்கியும் உணவும் குறையும். குச்சியைத் தலைகீழாக நடக் கூடாது. பூ மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். அவை வேருக்குச் செல்ல வேண்டிய உணவை இழுத்துக்கொள்ளும். வெட்டுக் கணுவுக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். கணுவை ஒட்டியே பல செடிகளில் வேர் எளிதாக வரும்.

தாய்ச் செடித் தேர்வு

விதையில் முளைக்கும் செடி தாயைப் போலவும் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். குச்சியில் வளரும் செடி அப்படியல்ல. அது அந்தத் தாயேதான். தாயின் மணமும் மொட்டின் அளவும் பூக்கும் திறனும் மாறாமல் வரும். தாயின் நோயும் மாறாமல் வரும். எனவே குச்சி வெட்டும் நாளில் தாய்ச் செடியைத் தேடுவது தவறு. பூக்கும் பருவத்திலேயே தேட வேண்டும். குண்டுமல்லி நன்கு பூக்கும் மார்ச் முதல் ஜூன் வரை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, நிறைய மொட்டு விடும் செடிகளுக்கு ஒரு துணித் துண்டைக் கட்டி அடையாளமிடுங்கள். மூன்று நான்கு முறை பறித்த பிறகும் முன்னணியில் நிற்கும் செடிகளே தாய்ச் செடிகளாகும்.

கீழ்க்கண்ட அறிகுறி உள்ள செடிகளை ஒதுக்கிவிட வேண்டும்.

1. முல்லையில் பூவுக்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் சிறு இலைகள் போன்ற கொத்துகள் தோன்றினால் அது பச்சைப்பூ நோய். இந்நோய் செடியின் உள்ளேயே பரவி இருப்பதால் எந்தக் கிளையில் குச்சி எடுத்தாலும் உடன் வரும். வெள்ளை ஈயும் இதைப் பரப்பும். இத்தகைய செடியைப் பிடுங்கி எரித்துவிடுவது நல்லது. கோ 2 முல்லை இந்நோயை ஓரளவு தாங்கும்.

2. இலைகளிலும் இளந்தண்டிலும் வெண்மையான கம்பளி போன்ற ரோமம் படர்ந்திருந்தால் அது கொப்புளச் சிலந்தியின் வேலை. குச்சியோடு சிலந்தியும் நாற்றங்காலுக்கு வந்துவிடும். பாரி முல்லை இதை எதிர்த்து நிற்கும் இரகம்.

3. செடி குன்றி, வேரில் முடிச்சுகள் இருந்தால் நூற்புழு தாக்கியுள்ளது என அறியலாம். அந்த மண்ணை நாற்றங்காலுக்கோ பைகளுக்கோ எடுக்கக் கூடாது.

குண்டுமல்லியில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவே. இது தொற்று நோயன்று. லிட்டருக்கு 5 கிராம் வீதம் பெரஸ் சல்பேட் கரைத்துத் தெளித்தால் தெளியும். ஆனால் அதுவரை அச்செடியில் குச்சி எடுக்க வேண்டாம். பலவீனமான தாயின் குச்சியில் வேர் விடப் போதிய உணவு இராது.

எந்தச் செடிக்கு எந்தக் குச்சி?

எல்லாச் செடிக்கும் ஒரே குச்சி பொருந்தாது. தண்டின் முதிர்ச்சியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

இளந்தண்டு: கற்பூரவல்லி, புதினா, மரு ஆகியவை. நுனியிலிருந்து 8 முதல் 10 செ.மீ. நீளம் போதும். இவற்றுக்கு ஊக்கி எதுவும் தேவையில்லை. நிழலில் ஈர மணலில் ஊன்றினால் இரண்டு வாரங்களுக்குள் வேர் விடும். சமையலுக்கும் கைவைத்தியத்துக்கும் பறித்துப் பயன்படுத்தும் இச்செடிகளில் தேவையின்றி இரசாயனம் சேர்க்க வேண்டாம்.

அரை முதிர் தண்டு: குண்டுமல்லி, முல்லை, ஜாதிமல்லி, இட்லிப்பூ, செம்பருத்தி, ஆடாதோடை, குரோட்டன்ஸ் ஆகியவை. தண்டு பச்சை நிறம் மாறத் தொடங்கி, வளைத்தால் வளைந்து பிறகு 'டக்'கென ஒடியும் பருவம் இதற்கு ஏற்றது. வளைந்துகொண்டே போனால் இளசு. வளையாமல் ஒடிந்தால் முதிர்ச்சி அதிகம்.

முதிர் தண்டு: நொச்சி, மருதோன்றி, காகிதப்பூ ஆகியவற்றுக்குப் பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சி. முருங்கைக்குக் கை மணிக்கட்டு அளவுப் போத்து. அரளியும் குச்சியில் எளிதாக வரும். ஆனால் அதன் பால் நஞ்சு. அரளி வெட்டிய கத்தியைக் கழுவாமல் மூலிகைக்கோ கீரைக்கோ பயன்படுத்தக் கூடாது. வெட்டிய தழையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடவும் கூடாது.

கொடி வகையில் சீந்தில், திப்பிலி, பிரண்டை, வெற்றிலை ஆகியவற்றை இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக நடலாம். ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும்.

குச்சி முறை பொருந்தாதவையும் உண்டு. கீழாநெல்லி, நிலவேம்பு ஆகியவற்றை விதையிலும், வல்லாரையை வேர் விட்ட ஓடு கொடியிலும், சோற்றுக் கற்றாழையைப் பக்கக் கன்றிலும் பெருக்குவதே எளிது.

ஏற்ற பருவம்

நம் பகுதிக்கு ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை உள்ள காலம் மிகவும் ஏற்றது. கத்திரி வெயில் தணிந்து, மாலை மழையால் காற்றில் ஈரம் கூடியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மல்லிகைக் குச்சிகளை நட வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குளிர்ச்சி இருந்தாலும் நீர் தேங்கும் அபாயம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டியதில்லை. இரண்டு நாட்கள் பாத்தியில் நீர் நின்றாலே குச்சியின் அடி கறுத்து அழுகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் நாற்றங்கால் மேட்டில் அமைதல் வேண்டும். மேலே பாலித்தீன் தாள் மூடாக்கும் வேண்டும்.

கவாத்துக் காலத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்கிறோம். வெட்டிப் போடும் கிளைகள் பெரும்பாலும் வேலிக்கும் அடுப்புக்குமே போகின்றன. துணி கட்டிய தாய்ச் செடிகளின் கிளைகளை மட்டும் தனியே எடுத்து, அதில் அரை முதிர் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் செலவில்லாமல் நடவுக் குச்சி கிடைத்துவிடும்.

நாற்றங்கால் தயாரித்தல்

ஒரு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமையுங்கள். சுற்றிலும் செங்கல்லோ பனை மட்டையோ வைத்து அணை கொடுக்கலாம். பருமணலை நீரில் அலசி நிரப்ப வேண்டும். ஆற்று மணல் கிடைப்பது அரிது. தூசு நீங்க நன்கு கழுவிய எம்-சாண்டில், உப்பு நீங்க இரண்டு மூன்று முறை நீரில் அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவைச் சம பங்கு கலந்து பயன்படுத்தலாம். கடல் மணல் கூடாது. அதன் உப்பு இளம் வேரைக் கருக்கிவிடும். குச்சிப் பாத்தியில் எரு இடவும் கூடாது. வேர் இல்லாத குச்சிக்கு உரத்தால் பயனில்லை. மட்காத எரு பூசணத்தையே வளர்க்கும்.

நடுவதற்கு முதல் நாள், ஒரு லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்துப் பாத்தி நனைய ஊற்ற வேண்டும். கிழக்கு வெயில் படும்படியாகத் தென்னங்கீற்றிலோ பாதி நிழல் தரும் நிழல் வலையிலோ பந்தல் போட வேண்டும்.

வெட்டுதலும் நடுதலும்

குச்சியைக் காலை வெயில் ஏறும் முன் வெட்ட வேண்டும். அப்போது தண்டில் நீர் நிறைந்திருக்கும். வெட்டியதும் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். அன்று வெட்டிய குச்சியை அன்றே நட்டுவிட வேண்டும்.

மல்லிகை வகைகளுக்கு 15 முதல் 20 செ.மீ. நீளம், மூன்று நான்கு கணுக்கள் இருத்தல் நலம். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேற்பக்கம் கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே நேராகவும் வெட்டுங்கள். மேல், கீழ் மாறாமல் இருக்க இந்த வேறுபாடே அடையாளம். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். நசுங்கிய வெட்டு ஆறாது. ஒரு தாய்ச் செடியிலிருந்து மறு செடிக்குச் செல்லும்முன் கத்தியை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடையுங்கள். கீழ்க்கணுக்களின் இலைகளை நீக்கிவிட்டு, மேலே இரண்டு இலைகளைப் பாதியாக நறுக்கி விட வேண்டும்.

மல்லிகை வகைகளுக்கு இண்டோல் பியூட்ரிக் அமிலம் லிட்டருக்கு 1 கிராம் என்ற அளவில் போதும். இது வெறும் நீரில் கரையாது. ஒரு கிராம் தூளை முதலில் சிறிதளவு ஸ்பிரிட்டில் முழுவதும் கரைத்து, பிறகு நீர் சேர்த்து ஒரு லிட்டராக்க வேண்டும். ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, குச்சிக் கட்டின் அடிப்பகுதி 2 செ.மீ. நனையும்படி பத்து வினாடி தோய்த்து எடுத்தால் போதுமானது. அதிக நேரம் ஊற வைத்தாலோ அளவைக் கூட்டினாலோ அடிப்பட்டை கருகும். நிறுக்க வசதியில்லாதவர்கள் தூள் வடிவில் கடைகளில் கிடைக்கும் வேர் ஊக்கியைத் தொட்டு நடலாம். ஊக்கியைக் கையுறை அணிந்து கையாளுங்கள். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இளநீரில் ஊற வைத்து நடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இளநீரில் வளர்ச்சிப் பொருள்கள் இருப்பது உண்மையே. ஆனால் அவற்றில் முக்கியமானது துளிரைத் தூண்டும் சைட்டோகைனின் வகையைச் சேர்ந்தது. வேருக்கான ஊக்கிக்கு அது ஈடாகாது.

பாத்தியில் வரிசைக்கு வரிசை 10 செ.மீ., குச்சிக்குக் குச்சி 5 செ.மீ. விட்டு, ஒரு சிறு கோலால் முதலில் துளையிட்டு, குச்சியின் பாதி நீளம் உள்ளே செல்லும்படி நட வேண்டும். நேரே குத்தினால் பட்டை உரிந்து, தடவிய ஊக்கியும் வழிந்துவிடும். நட்டபின் சுற்றிலும் விரலால் அழுத்தி இறுக்குங்கள். இந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு 200 குச்சிகள் கொள்ளும். 20 சென்டுக்கு 500 கன்றுகள் தேவை என்றால், இழப்பையும் கணக்கிட்டு 750 குச்சிகள் நடுங்கள். மேற்சொன்ன நான்கு மீட்டர் பாத்தியே அதற்குப் போதும்.

துளிர் விட்டால் வேர் விட்டதாகாது

பூவாளியால் காலையும் மாலையும் இலை நனையத் தெளிக்க வேண்டும். வாய்க்கால் நீரைத் திறந்துவிடக் கூடாது. மூங்கில் வளைவுகள் மேல் பாலித்தீன் தாள் மூடினால் ஈரம் காக்கப்பட்டு நீர்ச் செலவு குறையும். மூடாக்கு உள்ளவர்கள் தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பியிருக்கிறதா என்று பார்த்து, இல்லாத போது மட்டும் தெளித்தால் போதும். பகல் வெப்பம் மிகுந்தால் தாளின் ஓரங்களைத் தூக்கிவிட வேண்டும்.

பத்துப் பதினைந்து நாட்களில் பல குச்சிகள் துளிர் விடும். இதைக் கண்டதும் பந்தலைப் பிரித்துவிடுவதும், பிடுங்கிப் பையில் மாற்றுவதும் பலர் செய்யும் தவறு. முதல் துளிர் குச்சியில் சேமித்து வைத்த உணவினால் வருவது. வேர் இன்னும் பிறந்திருக்காது. அந்த நிலையில் வெயில் பட்டால் ஒரே நாளில் எல்லாம் சுருண்டுவிடும். மல்லிகை வகைகளில் நல்ல வேர் பிடிக்க 45 முதல் 60 நாட்கள் ஆகும். அதுவரை பிடுங்கிப் பார்க்க வேண்டாம். 45 நாட்களுக்குப் பின் ஒன்றிரண்டு குச்சிகளை இலேசாக மேலே இழுத்துப் பாருங்கள். மணலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் வேர் உள்ளது.

பட்டுப்போகும் குச்சிகள் காரணத்தைச் சொல்லும். அடி கறுத்து மெதுவாகி இருந்தால் நீர் அதிகம். இலை முதலில் சுருண்டு தண்டு பச்சையாகவே இருந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. அடியில் வெண் திசு மட்டும் திரண்டு வேர் வராமலிருந்தால் தண்டு அதிகம் முதிர்ந்தது அல்லது பருவம் பொருந்தவில்லை. கறுத்தவற்றை உடனே அகற்றிவிடுங்கள். பூசணம் அருகில் உள்ளவற்றுக்கும் பரவும்.

வேர் விட்ட கன்றுகளைச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்த பைகளுக்கு மாற்றுங்கள். பையின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். பத்து நாள் நிழலில் வைத்து, அடுத்த இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். குச்சி நட்ட மூன்று நான்கு மாதங்களில் கன்று வயலுக்குத் தயாராகிவிடும். ஜூலையில் நட்ட குச்சி நவம்பருக்குள் நடவுக்கு வந்துவிடும் என்பதால் ஓர் ஆண்டு வீணாகாது.

குத்தகை நிலத்தாருக்கு

மல்லிகைத் தோட்டம் பலன் தரக் காலம் பிடிக்கும். நிலம் எப்போது கைமாறுமோ என்ற நிலையில் உள்ள குத்தகை விவசாயி அதில் முதலிடத் தயங்குவது நியாயமே. அவர்களுக்குக் கன்று உற்பத்தி ஒரு வழி. பையில் உள்ள கன்றை வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டு செல்லலாம். நிலத்தை விட வேண்டி வந்தாலும் உழைப்பு வீணாகாது. வீட்டுக் கொல்லையே போதுமென்பதால் பெண்களும் ஓய்வு நேரத்தில் இதைக் கவனிக்க முடியும்.

ஆனால் விற்பனைக்கு இறங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள். முதலாவது, வாங்குவோர் யார் என்று அறிந்த பிறகே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குவதால் மூலிகை எல்லாம் உடனே விலை போகும் என்று எண்ணி அதிகம் போட்டுவிடக் கூடாது. முதலில் ஐம்பது கன்றுகளை வாரச் சந்தையிலும் அக்கம்பக்கத்திலும் விற்றுப் பாருங்கள். இரண்டாவது, இரகப் பெயரை உள்ளபடி சொல்லுங்கள். பெயர் தெரியாத முல்லையைக் கோ 2 என்று விற்றால் அது ஓராண்டில் பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். விற்பனை நாற்றங்காலுக்கான விதிமுறைகளைக் குன்றத்தூர் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம். நம்பகமான தாய்க் கன்றுகளுக்கு அரசு தோட்டக்கலைப் பண்ணைகளையும், பயிற்சி குறித்துக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

முதல் முறை முயல்வோர் 750 குச்சிகளில் தொடங்க வேண்டாம். நூறு குச்சிகளை நட்டு, ஐம்பதை ஊக்கியில் தோய்த்தும் ஐம்பதைத் தோய்க்காமலும் தனித்தனி வரிசையில் வையுங்கள். நட்ட தேதி, பிழைத்த எண்ணிக்கை, பட்டதின் காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் மணலுக்கும் நீருக்கும் எது பொருந்தும் என்பது தெளிவாகிவிடும். அதன் பின் பாத்தியைப் பெரிதாக்கலாம்.